சத்தம் போடாத கால்

முதலில் வந்தது எரிச்சல். இரண்டு உள்ளங்காலிலும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல. பாகூர் மேரியில் (எங்கள் கொம்யூன் அலுவலகத்துக்கு அதுதான் பெயர், பிரெஞ்சுக்காரர்கள் போகும்போது பெயரை எடுத்துப்போக மறந்துவிட்டார்கள்) பிறப்பு இறப்புப் பதிவு எழுதுவது என் வேலை. எழுதிக்கொண்டே மேசைக்கடியில் ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக்கொண்டிருப்பேன். சாவைப் பதிய வந்தவர்கள், இந்த மனுஷன் எதற்கு இப்படி நெளிகிறான் என்று பார்ப்பார்கள்.

காலில் ஆறாத புண்ணோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் காலை ஒரு முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு படிக்கட்டும். மற்றவர்கள் எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம்.

கால்வலி என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஊரில் வைத்தியம் தெரியாத ஆள் ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் தெரியும். எருக்கிலையை வாட்டி ஒத்தடம் கொடு என்றார்கள். செங்கல்லைச் சுடவைத்து அதன்மேல் நில் என்றார்கள். நடந்தால் சரியாகும் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போக, நடந்ததால்தான் வந்தது என்று அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். நெட்டப்பாக்கத்திலிருந்து வந்த தூரத்து உறவுக்காரர், இது கால் நோயே இல்லை, வயிற்றுச் சூடு என்று சொல்லி இரண்டு படி வெந்தயம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் செய்தேன். எரிச்சல் அப்படியே இருந்தது. கூடவே எல்லோர் மேலும் எரிச்சல் வந்தது.

உள்ளூர் தர்மாஸ்பத்திரி டாக்டர் மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. "தாகம் எடுக்குதா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறீங்களா? புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில போயி பரிசோதனை பண்ணிக்குங்க" என்றார். "ஆகட்டும்" என்றேன். எங்கள் மேரியில் கோப்புகளை மூடி வைப்பதற்கு வழங்கும் சொல் அது.

எனக்குக் காரணமும் இருந்தது. பிரான்சு போய்விட்டது, இந்தியா வந்துவிட்டது, ஆனால் சட்டப்படி இன்னும் வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் பிரெஞ்சில் எழுதியதை இங்கிலீஷில் எழுதச் சொல்லி, அதைப் பிறகு பிரெஞ்சிலேயே எழுதச் சொன்ன காலம். காலைப் பார்க்க எங்கே நேரம்?

என் மனைவி தனம் காத்திருக்கிற ஆள் இல்லை. திரௌபதியம்மனிடம் வேண்டிக்கொண்டாள்: இவர் கால் எரிச்சல் போனால் இவர் தீ மிதிப்பார். வேண்டிக்கொள்வது அவள், நெருப்பில் நடப்பது நான். எங்கள் குடும்பத்தில் பொறுப்புகள் எப்போதும் இப்படித்தான் பிரிந்திருக்கின்றன.

மாசி பிறந்ததும் எரிச்சல் குறைந்தது. பங்குனியில் சுத்தமாக நின்றுவிட்டது. கால் இரண்டும் பஞ்சுமேல் வைத்ததுபோல இருந்தன. நான் நாலு புத்தகம் படித்தவன். சாமி விஷயத்தில் நாசூக்காகச் சிரிக்கிறவன் என்று பெயர் வாங்கியவன். அந்த நான்தான் முதல் ஆளாகப் போய்க் கோவிலில் காப்புக் கட்டிக்கொண்டேன்.

காப்பு என்றால் மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த கயிறு. கட்டினால் பத்து நாள் விரதம். கவுச்சி கூடாது, வீட்டில் படுக்கை கூடாது, கோவிலில்தான் தூக்கம். விரதம் சுத்தமாக இருந்தால் நெருப்பு சுடாது. சுட்டால் விரதத்தில் பழுது. ஆணுக்குச் சுட்டால் பழுது அவன் வீட்டில், அதாவது அவன் பெண்டாட்டியிடம். இது எங்கள் பக்கம் யாரும் எழுதி வைக்காத சட்டம். எழுதி வைத்த சட்டங்களைவிட ஒழுங்காக நடப்பது.

ஆறாம் நாள் ஒரு வேலையாக வில்லியனூர் போனேன். அங்கே சாப்பாட்டுக் கடையில் கிழங்கான் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றே ஒன்று சாப்பிட்டேன். இதை இங்கேதான் முதல்முறையாக அச்சில் ஒப்புக்கொள்கிறேன்.

தீமிதி அன்று சாயங்காலம் ஊரே திரண்டிருந்தது. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் எட்டே தாவலில் பாய்ந்து பால்குழியில் (நெருப்பைத் தாண்டியதும் கால் நனைக்கிற குழி) விழுந்தார்கள். நான் நடந்தேன். உண்மையாகவே நடந்தேன். மேரிக்குப் போவதுபோல. நடுவில் வேட்டி நுனி தணலில் படாமல் இருக்க ஒரு கணம் நின்று மடித்துக் கட்டிக்கொண்டேன். பம்பைக்காரன் அடிக்க மறந்து பார்த்தான்.

தனத்தின் தம்பி வேணு, திருவிழாவை முன்னின்று நடத்துகிறவன், ஓடிவந்து என் காலில் விழுந்தான். "மாமா! இத்தினி வருசமா உன்னை சும்மா காகிதப் புலின்னு நெனச்சிக்கினு இருந்தேன் மாமா!"

அவன் அப்படி நினைத்ததில் தவறில்லை. ஆனால் பாராட்டு என்று ஒன்று வரும்போது அதன் முன்பாதியை யார் கேட்கிறார்கள்? நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஊர் என்னை மதித்தது. பெண்கள் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மூன்று நாள் ஊரே என் காலைப் பார்த்தது. நான் மட்டும் பார்க்கவில்லை.

நாலாம் நாள் அலுவலகத்தின் சிமென்ட் தரையில் ஈரம் இருந்தது. தரை துடைக்கிறவரைக் கூப்பிட்டு, ஏன் சரியாகப் பிழியாமல் துடைக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் தரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அய்யா, ஈரம் நீங்க நடந்த வழியாத்தான் கீது" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு காலைத் திருப்பிப் பார்த்தேன். வலது உள்ளங்காலில் வெற்றிலை அகலத்துக்குத் தோல் வழன்று தொங்கியது. வலி இல்லை. துளிகூட இல்லை.

நாலு புத்தகம் படித்தவன் மனத்தில் அந்த நேரம் என்ன வந்திருக்க வேண்டும்? வலிக்காத புண் என்றால் என்ன அர்த்தம் என்ற கேள்வி. வந்ததோ வில்லியனூர் கிழங்கான்.

வெளியில் சொன்னால் விரதம் கெட்டது என்பார்கள், தனத்தைப் பேசுவார்கள். அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கால்வாசி உண்மை இருந்தது. மீதி முக்கால்வாசி, காலைத் தொட்டுக் கும்பிட்ட அந்தப் பெண்கள்.

மறைப்பதற்கு வழியும் இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் வாங்கிய மூடிய தோல் ஜோடு ஒன்று பரணில் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டேன். கசிவுக்கு, மேரியில் மை ஒற்றுகிற தாளை நாலாக மடித்து உள்ளே வைத்தேன். நல்ல தடித்த தாள், இளஞ்சிவப்பு. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. மேலே கோவில் விபூதி. அந்த ஜோட்டோடு மூன்று வாரம் நடந்தேன். இதைப் படிக்கும் டாக்டர் யாராவது இருந்தால் தலையில் அடித்துக்கொள்ள இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

கண்டுபிடித்தது தனம். ஒரு ஞாயிறு மத்தியானம், எலி செத்த நாற்றம் என்று நெற்குதிருக்குப் பின்னால், பானை அடுக்குக்குப் பின்னால் எல்லாம் தேடினாள். நானும் கூடவே தேடினேன். குனிந்தவள் என் ஜோட்டருகே வந்ததும் நிமிரவில்லை.

"இன்னாங்க இது?"

"ஒண்ணுமில்லை."

"கழட்டுங்க."

கழற்றினேன். தாள் புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஊரு உங்களைச் சொல்லுமே, என்னைச் சொல்லுமேன்னு மறைச்சீங்களா? காலு போச்சின்னா ஊரா வந்து குடுக்கும்? வேணுவா குடுப்பான்?" என்றாள். பிறகு, "வண்டியைக் கட்டச் சொல்றேன்" என்று வெளியே போய்விட்டாள்.

புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டர் பிரெஞ்சில் படித்தவர். நோயாளிகளை "முசியே" என்பார். நம் வண்டவாளம் முழுதும் தெரிந்தபின் அழைக்கிற மரியாதை. கண்ணை மூடச் சொன்னார். மூடினேன்.

"இப்ப குத்துறேனா முசியே?"

"இல்லை டாக்டர். ஆரம்பிங்க."

பக்கத்தில் தனம் "அம்மா!" என்றாள். கண்ணைத் திறந்தேன். குண்டூசி பாதி உள்ளே இருந்தது.

தனம் என் காதருகில் வந்து, "பெருவியாதியாங்க?" என்றாள். தொழுநோய்ப் பயம் எனக்கும் இருந்தது. டாக்டர் பதில் சொல்லாமல் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் சிறுநீரைச் சில சொட்டு விட்டுச் சாராய விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. மஞ்சள் செங்கல் நிறமாகிக் கெட்டியாக நின்றது.

"பெருவியாதி இல்லேம்மா. மதுமேகம்" என்றார். (சர்க்கரை உடம்பில் சேராமல் சிறுநீரில் போகிற நோய். நாளாக நாளாகக் கால் நரம்புகளைத் தின்றுவிடும். முதலில் எரியும். நரம்பு செத்ததும் எரிச்சல் நிற்கும். நின்றதைத்தான் நான் குணம் என்று நினைத்தேன்; தனம் அம்மன் அருள் என்று நினைத்தாள்.)

"எத்தனை நாளா இந்தப் புண்?"

"மூணு வாரம்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஊர்ல ஒரு பேரு இருந்தது டாக்டர்."

"பேரு இருக்கும். விரலா, பாதமா, முழங்காலான்னு பத்து நாள் கழிச்சி சொல்றேன்."

அந்தப் பத்து நாளைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். வலிக்கவில்லை என்பதால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெனிசிலின் (சீழ்க் கிருமியைக் கொல்லும் ஊசிமருந்து) ஒரு பக்கம், இன்சுலின் (சர்க்கரையைச் செரிக்க உடம்பு தானே சுரக்க வேண்டிய சாறு, சுரக்காதவர்களுக்கு ஊசி) இன்னொரு பக்கம். காலைத் தரையில் வைக்கக் கூடாது. சோறு அரைப் பிடி.

படுத்துக்கொண்டே என் பதிவேட்டை நினைத்தேன். மரணக் காரணம் என்ற கட்டத்தில் 'கால் புண்' என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! அழகான கையெழுத்தில், அடுத்த ஆளைப் பார்த்து "ம்?" என்றபடி. கால் புண்ணில் ஒரு மனுஷன் எப்படிச் சாவான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்க நிறைய நேரம் இருந்தது.

பக்கத்துப் படுக்கைகளைப் பார்க்க வந்தவர்கள் அந்த நேரத்தையும் விட்டுவைக்கவில்லை. இன்சுலின் பழகினால் விடாது என்றார் ஒருவர். மூச்சும் அப்படித்தான் என்றேன். அவர் மறுபடி வரவில்லை. வேணு வரவே இல்லை. மாமாவுக்கு மேரி வேலையாகப் புதுச்சேரியில் தங்கல் என்று தனம் ஊரில் சொல்லி வைத்திருந்தாள். மறைப்பது எங்கள் இருவருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது.

பதினோராம் நாள் டாக்டர், "சுண்டுவிரல் மட்டும்" என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். ஒரு விரலை எடுத்ததற்காக ஒருவருக்கு நன்றி சொல்வேன் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

பிறகு ஆறுகிற காலம். வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் மெல்லிய தாளைப் புண்மேல் வைத்துப் பென்சிலால் ஓரம் வரைவார். முதல் தாளில் என் புண் புதுச்சேரி வரைபடம்போலவே இருந்தது: துண்டு துண்டாக, நடுநடுவே அடுத்தவன் நிலம். இரண்டு வாரம் கழித்தும் அதே. மூன்றாம் வாரம் கொஞ்சம் பெரிதாகக்கூட இருந்தது. "நடந்தீங்களா?" என்றார். "ஜன்னல் வரைக்கும்" என்றேன். "ஜன்னலுக்குப் போனதுல ஏழு நாள் போச்சு" என்று தாளை மடித்தார். ஆத்திரமாக வந்தது. அரசாங்கக் கோப்புகூட லஞ்சத்துக்கு நகரும். சதை எதற்கும் நகராது.

கட்டு மாற்றும் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அங்கேதான் அஞ்சலையைப் பார்த்தேன். நல்லவாடு என்ற கடலோர ஊரின் மீன்காரி. வலையிலிருந்து கரையில் கொட்டிய திருக்கைமீனை மிதித்து, முள் குதிகாலில் ஏறி, அவளுக்கும் ஆறாத புண். நான் எப்படி வந்தேன் என்று கேட்டாள். அந்நியரிடம் உண்மை சொல்வது எளிது. தீமிதி, வேட்டியை மடித்துக் கட்டியது, கிழங்கான், எல்லாம் சொன்னேன்.

"சும்மா நடந்தியா? ஒரு சத்தம்கூட போடல?"

"போடல."

"திருக்கை குத்தினப்ப நான் போட்ட சத்தத்துல கட்டுமரத்துல போனவன்லாம் திரும்பி வந்துட்டான்ணே! அதனாலதான் இந்தக் காலு இன்னும் கீது. சத்தம் போடாத காலு இன்னா காலு? ஊமைப் புள்ளைய கடத்தெருவுல வுட்டுட்டு, சமத்தா இருக்குதுன்னு பெருமைப்பட்டுக்கினியா நீ?"

நான் குனிந்து என் காலின் கட்டைப் பார்த்தேன்.

"அப்புறம் ஒண்ணு" என்றாள். "கிழங்கான் மேல பழி போடாதே. அது இன்னா பண்ணும் பாவம்? நல்ல மீனு."

இரண்டு டாக்டர்கள் புரியவைக்க முயன்றது அந்தப் பெஞ்சில் புரிந்தது. அஞ்சலைக்கு ஒரு மாதத்தில் புண் ஆறியது, ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது குதிகாலைத் தரையில் தட்டிக் காட்டி, "வலிக்குது!" என்று சிரித்தாள். பொறாமையாக இருந்தது.

ஐந்து மாதம் கழித்து வீடு வந்தேன். வேணுவும் ஊரும் என்னைப் பார்த்து, மெலிந்துவிட்டேன் என்றார்கள். இன்சுலின் புட்டி தண்ணீர்ப்பானைக்கு அடியில் ஈரமணலில் உட்கார்ந்தது. நீல மருந்து, கண்ணாடிக் குழாய், சாராய விளக்கு மாடத்தில். ஊர் கேட்டால் மைக்கறை போக்கும் மருந்து. அகலமான செருப்பு ஒன்று தைத்துக்கொண்டேன்; உள்ளே பஞ்சு, வெளியே காலுறை.

அடுத்த பங்குனியில் வேணு இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். தட்டில் வெற்றிலை, மஞ்சள் கயிறு. அவன் கையில் ஏற்கெனவே காப்பு இருந்தது.

"மாமா, இந்த வருசம் மொதல்ல நீதான் எறங்கணும். உனக்குப் பின்னாடி நானு. ஊரே கேக்குது."

பெரியவர்களில் ஒருவர், "இவரு மாரி நடந்தவன் எங்கப்பன் காலத்துலகூட கெடையாது" என்றார்.

மேரி வேலை, காய்ச்சல், இங்கிலீஷ் பரீட்சை என்று மூன்று பொய்கள் நாக்கில் வரிசையாக வந்து நின்றன. எதைச் சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே தனம் உள்ளேயிருந்து வந்தாள். என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். என் வலது காலை எடுத்து மடியில் வைத்துக் காலுறையை உருவினாள். நாலு விரலும், உள்ளங்கால் முழுக்கச் சுருங்கிய தோலும் எல்லோருக்கும் தெரிந்தன.

"நல்லா பாத்துக்குங்க" என்றாள். "போன வருசம் நடந்த காலு. பொத்துப்போயி அழுகி, ஆஸ்பத்திரியில கெடந்தாரு. விரதம் கெட்டுச்சின்னு சொல்றவங்க என்னைச் சொல்லிட்டுப் போங்க. அம்மன் சுடல. நெருப்பு சுட்டுது. சுட்டது இவருக்குத் தெரியல. அந்தத் தெரியாததுதான் வியாதி."

பெரியவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஊர் என்ன பேசியது என்பதை விடுகிறேன். பேசியது. தனம் குழாயடிக்குப் போகும் நேரத்தைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை.

வேணு மட்டும் எழவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலன்னா... சுத்தமா தெரியாதா மாமா?"

"சுத்தமா."

"மொதல்ல எரிஞ்சிதா?"

"மிளகா பூசினாப்பல."

மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றைத் திருகினான். "எனக்கு ரெண்டு வருசமா எரிஞ்சிது. தையிலேருந்து எரியல. அம்மன் தொணைன்னு நெனச்சேன்."

தனம் எழுந்து போய் மாடத்திலிருந்து விளக்கை எடுத்து வந்து என்முன் வைத்தாள். நான் குழாயில் நீல மருந்தை ஊற்றி, வேணு கொல்லைக்குப் போய்க் கொண்டுவந்த சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினேன். பச்சை. மஞ்சள். மூவரும் குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். செங்கல்.

"உன்து மாரியேதானே மாமா?" என்றான்.

"ஆனா உனக்குப் பத்து விரல் கீது" என்றாள் தனம்.

அந்த வருஷம் வேணு நெருப்பில் இறங்கவில்லை. பால்குழி ஓரம் நின்று, வந்தவர்கள் ஒவ்வொருவர் காலையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கும்பிடுகிறான் என்று ஊர் நினைத்தது.

புதுச்சேரி டாக்டர் எங்கள் இருவருக்கும் கொடுத்த உத்தரவு எளியது. தினமும் உள்ளங்காலைப் பார். பார்த்தபின் தொட்டுப் பார். "ஊசி என் வேலை, உங்களுக்குத் துடைப்பக் குச்சி போதும்" என்றார். நீங்களும் இதைச் செய்யுங்கள். தனக்குத்தானே செய்வது கடினம். இந்த வயதில் உள்ளங்கால் என்பது முதுகைவிடத் தூரம்.

அதனால் தினமும் சாயங்காலம் மேரி விட்டு வந்ததும் நானும் வேணுவும் எதிரெதிரே உட்காருகிறோம். அவன் கால் என் மடியில், என் கால் அவன் மடியில். ஆளுக்கொரு துடைப்பக் குச்சி. முன்பெல்லாம் என் நாள் மேரி மணியில் தொடங்கி மேரி மணியில் முடியும். இப்போது அது காலில் முடிகிறது. என் கால் என்று சொல்கிறேனே தவிர, அதுவும் எங்கள் ஊர்போலத்தான்: கையில் இருக்கிறது, ஆட்சி முழுதும் இன்னும் வந்து சேரவில்லை. வருஷங்களையும் நான் இப்போது வருஷங்களாக நினைப்பதில்லை. பென்சில் ஓரம் ஒரு நெல்மணி அகலம் உள்ளே வர ஒரு வாரம். அதுதான் என் அளவு.

வேணுவுக்குக் குதிகாலில் குச்சி பட்டால் "ஸ்ஸ்" என்பான். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே இரண்டு தடவை குத்துவேன்.

போன வாரம் அவன் குச்சி என் கணுக்காலுக்குக் கீழே, எப்போதும் ஊமையாகக் கிடக்கும் ஓரிடத்தில் பட்டது. சுருக்கென்றது. அவன் கவனிக்காமல் அடுத்த இடத்துக்குப் போனான்.

"இரு" என்றேன். "மறுபடி குத்து."